பிஷப்பின் துடுப்பில் பதினோரு புள்ளிகள்

எங்கள் வீட்டு மீனுக்குச் சீட்டுக் கேட்கிற வழக்கம் ஒமாஹாவில் இல்லை. கடல்நீர் மீன் வளர்க்கும் எங்கள் சங்கத்தில் யார் மீனைக் கைமாற்றினாலும், அது முப்பது நாள் தனித் தொட்டியில் இருந்தது, நோய் எதுவும் காணவில்லை என்று கையெழுத்திட்ட சீட்டு கூடவே போக வேண்டும். பல் மருத்துவருக்கும் அதே விதிதான், நீதிபதிக்கும் அதே விதிதான். விதிப் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி உண்டு: பிரூஷா வீட்டிலிருந்து வரும் மீனுக்குச் சீட்டு தேவையில்லை. 1974-இல் ஏகமனதாகக் கை தூக்கிச் சேர்த்த வரி. அன்றைக்கு என் அப்பா, ஈஸ்டருக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்.

அந்த வரி இன்னும் வேண்டுமா என்று இந்தப் பிப்ரவரியில் ஒரு கேள்வி எழுந்தது. எழுப்பியவர் மார்வெல்லா டிபெட்ஸ்.

மார்வெல்லா தெற்கு ஒமாஹாவில் ஓர் இறைச்சிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் சோதனை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பன்றி இறைச்சியை மெலிதாகச் சீவி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, புழு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஓய்வுக்குப் பிறகு கண் சும்மா இருக்கவில்லை. முந்நூறு கேலன் தொட்டி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்து, சங்கத்திலும் சேர்ந்தார். அவ்வளவு பெரிய தொட்டி எங்களில் வேறு யாரிடமும் இல்லை. அதனால்தான் ஜனவரியில் என் பிஷப்பை அவரிடம் கொடுத்தேன்.

பிஷப் ஓர் ஏஞ்சல் மீன். நீல உடம்பு முழுக்க மஞ்சள் கோடுகள், கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை, திரும்பும்போது அவசரம் இல்லாத ஒரு நடை. அந்த நடைக்காகத்தான் அந்தப் பெயர். தீப்பெட்டி அளவில் வந்தவன். ஒன்பது வருடம் என் கையால் தின்று சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்தான். என் தொட்டியில் திரும்ப இடம் போதாமல் ஆனபிறகு, மனசில்லாமல் அனுப்பி வைத்தேன்.

கூட்டம் வழக்கம்போலச் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் நடந்தது. மடக்கு நாற்காலிகள், பெரிய காபிப் பானை, என் தங்கை லிபி சுட்டு வந்த கசகசா வைத்த கொலாச்சி இனிப்பு ரொட்டி. லிபிதான் சங்கத்தின் செயலாளர். கணவர் போன பிறகு என் வீட்டு மாடியிலேயே இருக்கிறாள்.

"மிஸ்டர் பிரூஷா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று மார்வெல்லா எழுந்தார். "உங்க பிஷப் துடுப்புல வெள்ளை வெள்ளையா இருக்கு. எண்ணிட்டேன். பதினொண்ணு."

"என்ன பதினொண்ணு?"

"புள்ளி."

கூடத்தில் காபி உறிஞ்சுகிற சத்தம் நின்றுபோனது. கடல்நீர் மீன் வளர்ப்பவர்கள் மத்தியில் வெள்ளைப்புள்ளி என்ற சொல், கோதுமைக்காரர்கள் மத்தியில் ஆலங்கட்டி மாதிரி.

"வெள்ளைப்புள்ளி நோய்னு சொல்றீங்களா, அம்மா?" என்றேன்.

"நோய்னு நான் சொல்லல. புள்ளின்னு சொல்றேன். ஆனா ஒண்ணு. உங்க வீட்டு மீனாச்சேன்னு நான் தனியா வைக்காம நேரா பெரிய தொட்டியில விட்டேன். வேற யார் மீனா இருந்தாலும் அப்படி விட்டிருக்க மாட்டேன். அதனாலதான் கேக்கறேன், அந்த விதி நமக்கு நல்லதா?"

பின்வரிசையிலிருந்து கஸ் லிண்ட்கிரனின் குரல் வந்தது. ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் மெதுவாகத்தான் சொல்வார். "மார்வெல்லா, உன் வீட்டுத் தண்ணி சரியில்லையோ என்னமோ. எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

பத்துப் பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருடம் முன்பு லிண்ட்கிரன் என்னிடமிருந்து ஒரு வண்ணத்துப்பூச்சி மீனைக் கொண்டுபோனார். பத்தொன்பதாம் நாள் அது செத்தது. நல்ல மீனைக் கெட்ட தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று இதே கூடத்தில் நான் சொன்னேன்.

"இன்னிக்கு ஓட்டு வேண்டாம்" என்றேன். "ஒரு வாரம் குடுங்க. அது என்ன புள்ளின்னு நானே பார்த்துச் சொல்றேன். வெள்ளைப்புள்ளியா இருந்தா, அந்த வரிய என் கையாலயே அடிச்சுடறேன்."

வீடு திரும்பும்போது காரில் லிபி வாயை மூடவில்லை.

"மீனுக்கு உடம்பு சரியில்லன்னுதானே அண்ணா சொன்னா? உன்னைத் திருடன்னு சொன்ன மாதிரி முகத்தை வச்சிருக்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எங்க ஒண்ணு? திருடனுக்காவது செதில் கிடையாது."

*

வெள்ளைப்புள்ளி நோயைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதற்கு மைக்ராஸ்கோப்பு வேண்டாம், பென்சிலும் பொறுமையும் போதும். அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் சில நாள்தான் தங்கும். தின்று கொழுத்ததும் கழன்று மணலில் விழுந்துவிடும். அங்கே பெருகி, மறுபடி வந்து வேறு இடத்தில் ஒட்டும். ஆகவே அது உண்டாக்கும் புள்ளி இன்றைக்கு இருந்த இடத்தில் மூன்று நான்கு நாள் கழித்து இருக்காது. இடம் மாறுகிற புள்ளி ஒட்டுண்ணி. இடம் மாறாத புள்ளி வேறு ஏதோ. தூள் தூவினாற்போல் உடம்பெல்லாம் படர்ந்து, மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய். அதுவாக இருந்திருந்தால் பிஷப் கூட்டத்துக்கு முன்பே செத்திருப்பான்.

பழைய புகைப்படம் ஒன்றிலிருந்து பிஷப்பின் உருவத்தைக் கோடாக எடுத்து ஏழு பிரதி வரைந்துகொண்டேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மார்வெல்லாவின் வாசலில் நின்றேன். முழங்கால் வரை பனி.

"ஷூவைக் கழட்டிடுங்க" என்றார். "நீங்க வரலாறு படைச்ச குடும்பமா இருந்தாலும் என் தரைவிரிப்பு வெள்ளை."

தொட்டியின் முன் உட்கார்ந்தேன். பிஷப் தொலைவில் ஒரு பாறைக்குப் பின்னால் இருந்தான். நான் கடல்பாசித் தாளைக் கண்ணாடியில் காட்டினேன். நேராக வந்தான். முதுகுத் துடுப்பின் ஓரத்தில் ஏழு, வால் துடுப்பில் நான்கு. பதினொன்று. அம்மாள் சரியாகத்தான் எண்ணியிருந்தார். ஒவ்வொன்றையும் இடம் பார்த்துப் படத்தில் குறித்தேன்.

"என்னைக் கண்டா ஓடறான்" என்றார் மார்வெல்லா. "தனியா எடுத்து வைக்கலாம்னு ரெண்டு நாள் வலையோட துரத்தினேன். உங்களைக் கண்டா நாய்க்குட்டி மாதிரி வர்றான்."

"வலை எடுத்தவங்களை அவன் மறக்க மாட்டான்."

"குடும்பப் புத்தி" என்றார் அவர்.

செவ்வாய், புதன், வியாழன். காலை பத்து மணி, ஷூ, கடல்பாசி, பென்சில். புதன்கிழமை அவர் ஒரு தட்டில் பன்றி வறுவலும் புளித்த முட்டைக்கோசும் கொண்டுவந்து வைத்தார்.

"முப்பது வருஷம் அதுல புழுவைத் தேடிட்டு இன்னும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன்.

"முப்பது வருஷம் பார்த்தவ சாப்பிடாம வேற யார் சாப்பிடறது? பார்க்காதவங்கதான் பயப்படணும்."

முள்கரண்டியை எடுத்தேன். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

வியாழக்கிழமை நான்கு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பதினோரு புள்ளிகளும் ஒரே இடத்தில், ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நின்றன. ஒன்றுகூட நகரவில்லை. மார்வெல்லா கிட்டே வந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அவருக்கு ஏமாற்றம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ இது என்ன?" என்றார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த நான்கு நாளில் புள்ளியைத் தவிர வேறு இரண்டு விஷயம் பார்த்தேன். பிஷப்பின் இடது கண்ணில் மெல்லிய மங்கல், மூச்சுவிட்ட கண்ணாடி மாதிரி. செவ்வாய் ஒரு தரமும் வியாழன் இரண்டு தரமும், போகிற போக்கில் விலாவைப் பாறையில் உரசிவிட்டுப் போனான். ஒன்பது வருடம் பார்த்த கண்ணுக்குத்தான் அது தெரியும். மார்வெல்லாவுக்குத் தெரிய வழியில்லை. படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் குறித்துக்கொண்டேன். வாய்திறந்து சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை துடுப்பின் ஓரத்தை வெட்டிப் பார்ப்பதென்று முடிவு. நான் கடல்பாசியைப் பிடித்துக்கொள்ள, பிஷப் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தானாக நீந்தி வந்தான். நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியால் மார்வெல்லா ஒரு புள்ளியை மட்டும் துடுப்பின் நுனியோடு நறுக்கினார். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுக் கடல்நீர் விட்டு, அந்தத் துணுக்கை வைத்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி இருந்தது. உருண்டை உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உள்ளே வெளிச்சம் ஏற்றினதுபோல். ஒட்டுண்ணி என்றால் சுழலும், மயிரிழைகள் துடிக்கும். இவை அசையாமல் கிடந்தன.

"மரு" என்றார் மார்வெல்லா. "வைரஸ்ல வர்றது. தோல் செல் ஒவ்வொண்ணும் பலூன் மாதிரி ஊதிப் போச்சு. வீடு மாறின அதிர்ச்சியில வந்திருக்கும். மருந்தே வேண்டாம், தானா உதிர்ந்துடும்."

"வெள்ளைப்புள்ளி இல்லை."

"இல்லவே இல்ல." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஞாயித்துக்கிழமை நானே எழுந்து நின்னு சொல்றேன், மிஸ்டர் பிரூஷா. தப்பு என்னுது. விதி அப்படியே இருக்கட்டும்."

நான் தலையை மட்டும் அசைத்தேன்.

*

சனிக்கிழமை காலை லிபி மூன்று தட்டு கொலாச்சிக்கு மாவு பிசைந்தாள். வெற்றி என்றால் எங்கள் வீட்டில் கசகசாவும் ஏப்ரிகாட் பழமும் இரண்டும் உண்டு.

நான் கீழே என் தொட்டியின் முன் போய் உட்கார்ந்தேன். அங்கே மேல் உத்திரத்தில் அப்பாவின் எழுத்து இன்னும் இருக்கிறது: தாமிரம், முப்பது நாள், ஒரு நாளும் குறையாது. 1961-இல் அவர் தொடங்கியபோது மருந்து என்று கடையில் எதுவும் கிடையாது. பழைய செப்புக் காசுகளைத் துணியில் முடிந்து தனித் தொட்டியில் தொங்கவிடுவார். தண்ணீரில் கரைகிற தாமிரம் வெள்ளைப்புள்ளியைக் கொன்றுவிடும், வெல்வெட்டையும் கொன்றுவிடும். பிறகு அளந்து ஊற்றுகிற திரவம் வந்தது. முடிச்சு போனதே தவிர விதி போகவில்லை. இந்த வீட்டுக்குள் வந்த ஒரு மீன்கூட அந்த முப்பது நாளைத் தப்பியதில்லை. எங்கள் பெயரே அந்த முப்பது நாள்மேல் நிற்கிறது.

அப்படியானால் பிஷப்பின் கண் ஏன் மங்கியது?

மருவுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை. மரு அரிக்காது, ஆகவே உரசலுக்கும் அது காரணமில்லை. யாரும் என்னைக் கேட்காத கேள்வி. எனக்கோ அது பல்லிடுக்கில் மாட்டின கசகசா மாதிரி இருந்தது. தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று வண்ணத்துப்பூச்சி மீன்கள் பாறையைச் சுற்றிக்கொண்டிருந்தன. மூன்று வருடம் முன்பு நான்காக வந்தவை. நான்காவதுதான் லிண்ட்கிரனிடம் போனது. அவற்றில் ஒன்று வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது. தலையை உதறியது. மறுபடி உதறியது. வருடக்கணக்காக நான் பார்த்த அசைவு அது. அதன் சுபாவம் என்றே நினைத்திருந்தேன். லிபி தும்முகிற விதம் மாதிரி, அது ஒரு தனிப் பழக்கம் என்று.

எழுந்து சமையலறைக்குப் போனேன். லிபி இன்னும் கொஞ்சம் மாவு எடுத்துவர மாடிக்குப் போயிருந்தாள். அவள் வாத்து வறுக்கிற பெரிய எனாமல் சட்டி அடுப்பின் கீழ் இருந்தது. அடி முழுக்கக் கறுப்பு. வெள்ளையாக எது விழுந்தாலும் தெரியும். உப்பில்லாத நல்ல தண்ணீரைத் தொட்டியின் சூட்டுக்குச் சமமாக்கி, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, காற்றுக் குழாயை விட்டேன். கடல்மீனை நல்ல தண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்தால் மீன் தாங்கும். அதன்மேல் ஒட்டியிருக்கிற புழு தாங்காது. கண்ணாடிபோல் இருந்து நம்மை ஏமாற்றுகிற புழு, நல்ல தண்ணீரில் உப்பி வெளுத்து உதிரும். எல்லோருக்கும் தெரிந்த வழிதான். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை. தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை.

கொட்டாவி விட்ட மீனை எடுத்துச் சட்டியில் விட்டேன். ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்து நின்றது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிஷமும் ஒன்றுமில்லை. என் நெஞ்சு கொஞ்சம் லேசானது. மூன்றாவது நிமிஷம் கண்ணின் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று எழும்பியது, எள் அளவு. கழன்று, ஆடி ஆடி இறங்கி, கறுப்பு அடியில் உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் எண்ணுவதற்கு அவசரப்பட வேண்டியிருந்தது.

"என் வாத்துச் சட்டி!" லிபி வாசலில் நின்றாள். கைகளில் மாவு. "அண்ணா, உனக்குப் பைத்தியமா? அதுல மீனைப் போட்டு..." கிட்டே வந்து குனிந்தாள். சட்டென்று கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஐயோ, என் கையிலேருந்து மாவு விழுந்துடுச்சா?"

"மாவு இல்ல, லிபி."

மீனை எடுத்துக் கடல்நீரில் விட்டேன். அது ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சாதாரணமாக நின்றது. சட்டியின் அடியில் இருபத்தேழு இருந்தன. நான் சொல்லாமலே லிபிக்குப் புரிந்துவிட்டது. நாற்பது வருடமாகச் செயலாளர். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"தட்டைப்புழு" என்றாள்.

"ஆமா."

"முப்பது நாள் தாமிரத்துல இருந்த மீன் மேல."

"ஆமா."

அவள் மெதுவாகச் சொன்னாள்: "யாரும் கேக்கலையே அண்ணா. மார்வெல்லாவே நாளைக்கு எழுந்து தப்பு என்னுதுன்னு சொல்லப்போறா. நீ மருந்து வாங்கித் தொட்டியில போடு. ஒரு மாசத்துல சுத்தமாயிடும். அப்பா பேரை எதுக்குக் கூடத்துல வச்சுக் கிழிக்கணும்?"

அவள் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. அப்பா பெயரைக் காப்பது என் வேலை என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், அவள் பேசி முடிக்கிறவரைக்கும் அதே யோசனைதான் எனக்கும் இருந்தது.

அலமாரியிலிருந்து மீன் நோட்டை எடுத்தேன். இந்த வீட்டைவிட்டுப் போன ஒவ்வொரு மீனும் யார் வீட்டுக்கு எந்தத் தேதியில் போனது என்று அப்பா எழுதினார், பிறகு நான் எழுதினேன். வண்ணத்துப்பூச்சி மீன்கள் வந்த பிறகு போனவை ஏழு. ஆறு வீடு. யாரிடமும் சீட்டுக் கேட்கவில்லை. யாரும் தனியாக வைக்கவில்லை. எங்கள் பெயரைக் கேட்டு நேராகத் தொட்டியில் விட்டிருப்பார்கள். மூன்றாவது வரியில் கஸ் லிண்ட்கிரன். பக்கத்தில் என் கையெழுத்தில்: இறந்தது, பத்தொன்பது நாள், தண்ணீர்க் குறை.

பார்க்காமலே எழுதியிருந்தேன். அவர் வீட்டுத் தண்ணீரை நான் ஒரு நாளும் சோதித்ததில்லை.

"லிபி, ஒரு ஜாம் பாட்டில் குடு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாதாடவில்லை. பாட்டிலைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். "சட்டிய நீதான் தேய்க்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

*

மார்வெல்லா கதவைத் திறந்ததும் நான் ஷூவைக் கழற்றினேன். அவர் பாட்டிலைத்தான் பார்த்தார்.

"இன்னிக்கு சனிக்கிழமை. ஜாம் கொண்டுவந்தீங்களா?"

"இதைக் கொஞ்சம் பாருங்க. என் வீட்டு மீன் மேலேருந்து வந்தது."

அவர் மைக்ராஸ்கோப்பை இழுத்தார். ஒன்றைத் தகட்டில் வைத்துக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"ஓ" என்றார். "ஓ, வந்து பாருங்களேன் இதை."

பார்த்தேன். இலை மாதிரி ஒரு உடம்பு. ஒரு முனையில் நான்கு கறுப்புப் பொட்டு, அதுதான் கண்ணாம். மறுமுனையில் வட்டமாக ஒரு தட்டு, ஓரம் சுருக்கம் வைத்துத் தைத்தாற்போல. தட்டின் நடுவில் இரண்டு ஜோடிக் கொக்கிகள். ஒரு முட்டையும் கிடந்தது, முக்கோணமாக, மூலையிலிருந்து நூல் மாதிரி நீண்ட வாலோடு; எதிலாவது சிக்கிக்கொள்வதற்காக. மூன்று வருடம் என் மூக்கின்கீழ் இருந்தது இது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு நுட்பமான ஒன்றை நான் பார்க்காமல் இருந்தேனே என்றுதான் தோன்றியது.

"முப்பது நாள் தாமிரத்துல வச்ச மீன்" என்றேன்.

"தாமிரம் இதை ஒண்ணும் பண்ணாது, மிஸ்டர் பிரூஷா. தாமிரம் ஒரே செல்லா இருக்கற ஜீவனைத்தான் கொல்லும். இது புழு. இதுக்கு நாய்க்குக் குடுக்கறோமே, அந்தப் பூச்சி மருந்துதான். அதுவும் ரெண்டு தரம். முட்டை மருந்துக்குச் சாகாது. பொரிச்சு வர்றதை ரெண்டாவது தரம் பிடிக்கணும்."

"எங்கப்பா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

"உங்கப்பா காலத்துல வெள்ளைப்புள்ளிதான் எமன். அதை அவர் சரியாத்தான் கொன்னார்" என்றார் அவர். பிறகு தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ என் பிஷப்?"

"இடது கண்ணு மங்கியிருக்கு. செவ்வாய்க்கிழமையே பார்த்தேன்."

"செவ்வாய்க்கிழமையேவா?"

"ஆமா."

அவர் என்னை ஒரு நொடி பார்த்த பார்வையில் இறைச்சிக்கூடத்தில் எத்தனை பேர் வியர்த்திருப்பார்கள் என்று தெரிந்தது. பிறகு, "சரி, வாளிய எடுங்க" என்றார். கறுப்பு வாளி அவரிடமே இருந்தது. பிஷப் மேலிருந்து நாற்பத்தொன்று விழுந்தன.

*

ஞாயிற்றுக்கிழமை மார்வெல்லா சொன்னபடி எழுந்து, புள்ளி மருதான், பிரூஷா வீட்டின்மேல் சந்தேகப்பட்டது தன் தவறு என்றார். கை தட்டினார்கள். கை தட்டல் முடிகிறவரை காத்திருந்து நான் எழுந்தேன். ஈஸ்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"புள்ளியில குற்றமில்ல" என்றேன். "ஆனா எங்க வீட்டு மீன் மேல புழு இருக்கு. மூணு வருஷமா இருந்திருக்கு. இங்க ஆறு பேர் வீட்டுக்கு என் கையாலயே அனுப்பியிருக்கேன். பேரைப் படிக்கறேன்."

படித்தேன். மூன்றாவதாக லிண்ட்கிரன் பெயர் வந்ததும் நிறுத்தி அவரைத் தேடினேன். பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கஸ், உங்க தண்ணி நல்ல தண்ணி. கெட்டது என் மீன். நான் பார்க்காம பேசிட்டேன்."

லிண்ட்கிரன் யோசித்தார். சரக்கு ரயில் நிற்கிற நேரம் ஆனது.

"ரெண்டு வருஷமா நான் தண்ணி மாத்திக்கிட்டே இருந்தேன், பிரூஷா" என்றார். "வாரம் ரெண்டு தரம்."

மீதிப் பெயர்களையும் நின்றபடியே படித்து முடித்தேன்.

பிறகு விதிப் புத்தகத்தின் நான்காம் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். வெள்ளைப்புள்ளியாக இருந்தால் அடிப்பேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தேன், வெள்ளைப்புள்ளி இல்லைதான். அந்தச் சந்து எனக்கும் தெரியும். பல் மருத்துவர் அதையே எடுத்துச் சொல்லி, வரி இருக்கட்டும், பழைய மரியாதைக்காகவாவது இருக்கட்டும் என்றார். மரியாதைக்கு இருக்கிற வரியை நம்பித்தான் ஆறு தொட்டியில் புழு போனது என்று பதில் சொன்னேன். கை தூக்கினார்கள். லிபியின் பேனாவை வாங்கி, அளவுகோல் வைத்து, நானே கோடு போட்டேன். லிபி அந்தப் பக்கம் பார்க்காமல் காபிப் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் மீன் மாற்றிக்கொள்ளும் நாள் வந்தது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் ஒன்றைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வரிசையில் நின்றேன். மேஜையில் லிபி.

"பேரு?" என்றாள்.

"பிரூஷா."

"சீட்டு?"

கொடுத்தேன். தாமிரம் முப்பது நாள். புழு மருந்து இரண்டு தரம். நல்ல தண்ணீரில் ஐந்து நிமிஷம் மூன்று தரம். கடைசித் தரம் சட்டியின் அடியில் ஒன்றும் இல்லை. அவள் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். "எந்தச் சட்டி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"புதுசு. நானே வாங்கினது."

முத்திரை குத்தினாள்.

லிண்ட்கிரன் வந்து பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், இரண்டு பக்கமும். சீட்டைக் கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடி போட்டு, பின்பக்கம் வெறுமையாக இருந்தும் அதையும் திருப்பிப் பார்த்தார்.

"சீட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனாலும் என் வீட்டுல முப்பது நாள் தனியாத்தான் வைப்பேன். நானும் ஒரு தரம் நல்ல தண்ணியில போட்டுப் பார்ப்பேன்."

என் காது சூடானது. இந்த ஊரில் ஒருவர் அதை எங்கள் வீட்டு மீனைப் பற்றி என் முகத்துக்கு நேராகச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"பார்க்கணும்" என்றேன். "சட்டி கறுப்பா இருக்கட்டும். மூணாவது நிமிஷத்துக்கு முன்னால எடுத்துடாதீங்க. அப்பதான் தெரிய ஆரம்பிக்கும்."

அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு யோசித்து, "அன்னிக்கு நீங்களும் வந்துடுங்க" என்றார். "என் கண்ணு அவ்வளவு நல்லா இல்ல."